விற்கப்படுவது யாது?

காற்பந்தாட்டம் பற்றி மத்ரஸா ஆசிரியர் ஒருவர் எழுதப் புகுவது கண்டு வாசக அன்பர்கள் முறுவலிக்கக் கூடும். நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக் கொடுப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அவ்வாட்டத்தின் மீது நாட்டம் பிறந்தது நம் மூத்த மகனால். ஜெர்மனி நாட்டின் டோர்ட்முண்ட் நகரத்துக் கழகத்தின்மேல் அவனுக்கு அளவிறந்த பற்று. அந்நகரம் நிலப்படத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் அவன்தான் நமக்குக் காட்டினான். நள்ளிரவு கடந்து நடைபெறும் ஆட்டங்களை ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பான். உறக்கம் வராத இரவுகளில் நாமும் அருகில் அமர்ந்ததுண்டு. பார்க்கப் பார்க்க, வாக்கிய அமைப்பைப் போலவே அதற்கும் ஓர் ஒழுங்கு இருப்பது நமக்குப் புலப்பட்டது.

2013 ஏப்ரல் 23 அன்று அவன் கண் கலங்கிய நிலையில் நம்மிடம் வந்து நின்றான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. டோர்ட்முண்ட் கழகத்தின் செல்லப்பிள்ளை மரியோ கொட்சே, பருவம் முடிந்ததும் பேயர்ன் மியூனிக் கழகத்துக்குப் போகிறார் என்ற செய்தி வெளியாகியிருந்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை எதிர்கொள்ள ஒரு நாளே இருந்த நேரம் அது.

“வாப்பா, நம்ம வீட்டில் வளர்ந்த பிள்ளையை நம்மைத் தோற்கடிக்கிறவனிடமே ஏன் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டான்.

“எல்லாம் பேராசைதான்” என்று சொல்லிவிட்டு நாம் கிதாபைப் புரட்டப் போய்விட்டோம். அவ்விடை பிழையானது என்பதை அறிய நமக்குச் சில ஆண்டுகள் ஆயின.

டோர்ட்முண்ட் செல்வர்களின் ஊரன்று. நிலக்கரியும் எஃகும் வாழ்வித்து, பின் அவை நலிந்தபோது தானும் நலிந்த ரூர் வட்டாரத்து நகரம் அது. ஆனால் சுமார் 81,000 பேர் கொள்ளும் அதன் அரங்கில், தெற்குப் பக்க மேடையில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். அந்த மஞ்சள் சுவரைத் திரையில் கண்டபோது நாமே ஒரு கணம் மலைத்துப் போனோம். இத்தனை அன்பைச் சம்பாதித்த கழகம் 2005 ஆம் ஆண்டில் திவாலாகும் விளிம்பில் நின்றது. 2000 ஆம் ஆண்டில் பங்குச் சந்தையில் இறங்கிப் பெற்ற பணத்தையெல்லாம் வீரர்களை வாங்கியே தீர்த்தது. சொந்த அரங்கத்தையும் விற்றது. ஊதியம் கொடுக்கவும் தடுமாறியது. அந்த நெருக்கடிக் காலத்தில், 2004 ஆம் ஆண்டில், 20 லட்சம் யூரோ கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது யார் தெரியுமா? நம் மகன் பகைவன் என்று வெறுத்த அதே பேயர்ன் மியூனிக்! இதைப் பிற்காலத்தில் அவனிடம் கூறியபோது, வெகுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

சூடு கண்ட டோர்ட்முண்ட், அதன் பிறகு மலிவில் வாங்கி வளர்க்கும் வழியைக் கைக்கொண்டது. ஜப்பானிலிருந்து ககாவா என்னும் இளைஞரை மூன்றரை லட்சம் யூரோவுக்குக் கொணர்ந்தது. போலந்திலிருந்து லெவண்டோவ்ஸ்கி வந்தார். அவருக்குக் கொடுத்தது அரைக்கோடிக்கும் குறைவு. பேயர்ன் தன் பயிற்சிக்கூடத்தில் வளர்த்துத் தனக்குத் தேவையில்லை என்று விட்ட ஹும்மல்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரைச் சுமார் 40 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. கொட்சேயோ சிறு பாலகனாக வந்து அங்கேயே வளர்ந்தவர். யூர்கன் கிளாப் என்ற பயிற்றுநரின் கீழ் இவ்விளைஞர்கள் 2011 இலும் 2012 இலும் ஜெர்மானிய லீக்கை வென்றார்கள். 2012 மே மாதம் கோப்பை இறுதியாட்டத்தில் பேயர்னையே 5-2 என்று வீழ்த்தினார்கள். லெவண்டோவ்ஸ்கி அன்று மூன்று கோல்கள் அடித்தார்.

துன்பம் தொடங்கியதும் அந்த வெற்றியில்தான். அரைக்கோடிக்கு வந்தவர் ஐந்து கோடி பெறுமதியுள்ளவர் ஆகிவிட்டால், அரைக்கோடிக்காரருக்குரிய ஊதியத்தில் அவர் ஏன் இருக்க வேண்டும்? ஒருவருக்கு மட்டும் வரம்பு கடந்து உயர்த்திக் கொடுத்தால் அடுத்த வாரமே மற்ற பத்துப் பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். 2005 இன் நெருப்பில் சுட்டுக்கொண்ட நிர்வாகி வாட்ஸ்கே, கடன்பட்டு ஊதியம் கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். மியூனிக்கின் கருவூலம் அதை எளிதாகத் தாங்கும், டோர்ட்முண்டினது தாங்காது. ஊதியத்தில் ஏற்பட்ட இந்த இடைவெளியை நிரப்ப அன்பு மட்டும் போதுமானதாக இல்லை.

நிற்க. “விற்றார்கள், விற்றார்கள்” என்று எல்லாரும் சொல்கிறோமே, விற்கப்பட்டது எது? இக்கேள்வியில் நம் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. சுதந்திர மனிதனை விற்கவோ வாங்கவோ இயலாது என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் முதற்பாடம். ஒருவனது உழைப்பின் பயனைக் கூலிக்குப் பெறலாம். அவ்வொப்பந்தத்துக்கு இஜாரா என்று பெயர். அதில் வேலையோ காலமோ வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். நேற்றைய உழைப்பைச் சேமித்து வைத்து நாளை எடுத்துக்கொள்ள முடியாது. காலம் கழியக் கழியப் பயனும் கழிந்துவிடும். காற்பந்துக் கழகத்தின் கையில் இருப்பதும் இத்தகைய ஒரு காலமே. வீரர் அதற்கு உடைமையல்லர். மாற்றுத் தொகை எனப்படுவது, எஞ்சியுள்ள காலத்தை விட்டுக்கொடுப்பதற்கான ஈடு.

ஐரோப்பாவிலேயே இது தெளிவாகப் பல்லாண்டுகள் ஆயின. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை விடுவிக்கப் பணம் கேட்கும் வழக்கம் அங்கு நெடுநாள் இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் மார்க் போஸ்மன் என்ற வீரர், 1990 ஆம் ஆண்டில் தம் ஒப்பந்தம் முடிந்தும் தம் கழகம் பிரான்சுக்குப் போகவிடாமல் தடுத்ததால் வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாறு பணம் கேட்கும் உரிமை அன்றோடு ஒழிந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வீரர் வேறு கழகத்தோடு முன்கூட்டியே பேசிக் கையெழுத்திடவும் செய்யலாம். வழக்குத் தொடுத்த போஸ்மனுக்கோ அதனால் பெரிய வாழ்வு ஒன்றும் கிட்டவில்லை. அவர் திறந்த கதவு வழியே பிறர் நடந்தார்கள்.

முதலில் அடிபட்டது நெதர்லாந்தின் அயாக்ஸ். 1995 மே மாதம் மிலான் கழகத்தை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய அணி அது. அடுத்த ஆண்டே டேவிட்ஸும், அதற்கடுத்த ஆண்டு அந்த இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலடித்த க்ளைவர்ட்டும் ஒப்பந்தம் முடிந்து மிலானுக்கே போய்விட்டார்கள். அயாக்ஸுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

இவற்றை அறிந்த பிறகே கொட்சேயின் கதை நமக்கு விளங்கிற்று. 2012 இல் அவர் 2016 வரைக்குமாக ஒப்பந்தத்தை நீட்டினார். அதில் ஒரு வாசகம் இருந்தது: 3 கோடியே 70 லட்சம் யூரோ கொடுப்பவர் எவராயினும் அவரை அழைத்துச் செல்லலாம். பேயர்ன் அத்தொகையைக் கொடுத்தது. கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அப்போது டோர்ட்முண்டிடம் இல்லை. அத்தகைய வாசகத்துக்கு ஏன் உடன்பட்டார்கள் என்று நாம் கேட்கலாம். அதில்லாமல் அவ்விளைஞர் கையெழுத்திட்டிருப்பாரா என்பது எதிர்க்கேள்வி.

இங்கே கணக்குப் புத்தகத்தின் சூட்சுமம் ஒன்றுண்டு. வணிகவியல் பயின்று இப்போது ஷார்ஜாவில் கணக்கராக இருக்கும் நம் மகனே அதை நமக்கு விளக்கினான். ஒரு வீரரை ஐந்து கோடி கொடுத்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால், ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் செலவாக எழுதித் தேய்த்துக்கொண்டே வருவார்கள். மூன்றாண்டு கழித்து ஏட்டில் அவர் மதிப்பு இரண்டு கோடி. அதற்குமேல் கிடைப்பதெல்லாம் லாபம். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிள்ளைக்கோ வாங்கிய விலையே இல்லை. ஆகவே அவரை விற்று வரும் தொகை முழுவதும் லாபமாகவே ஏட்டில் ஏறும். வீட்டில் வளர்ந்த பிள்ளை வெளியேறுவது ரசிகர்களுக்கு எவ்வளவு வேதனையோ, கணக்கருக்கு அவ்வளவு இனிப்பு. “நான் அழுத அந்த 37 மில்லியனும் சுத்த லாபம் வாப்பா” என்று சொல்லி அவன் சிரித்தான்.

கொட்சே போனதற்கு அடுத்த நிகழ்ச்சிதான் நம்மை நெடுநாள் உறங்கவிடாமல் செய்தது. 2013 ஆம் ஆண்டு கோடையில் லெவண்டோவ்ஸ்கிக்கு ஒப்பந்தம் ஓராண்டே எஞ்சியிருந்தது. அவருக்கும் பேயர்னுக்குச் செல்ல விருப்பம். அவ்வாண்டு மே மாதம் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அதே பேயர்ன், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் அடித்த கோலால் 2-1 என்று டோர்ட்முண்டை வென்றிருந்தது. காயம் ஆறுவதற்குள் இன்னொருவரையும் அவர்களுக்கே கொடுப்பதா? வாட்ஸ்கே மறுத்தார். அப்போது விட்டிருந்தால் பல கோடி கிடைத்திருக்கும். மறுத்ததால் ஓராண்டு கிடைத்தது. 2014 ஜனவரியில் லெவண்டோவ்ஸ்கி பேயர்னோடு கையெழுத்திட்டார். ஜூலையில் ஒரு யூரோகூடக் கொடுக்காமல் அவர்கள் அவரை அழைத்துக்கொண்டார்கள்.

அதே 2013 ஜூனில், ஷஅபான் மாதத் தேர்வுகள் முடிந்த சமயம், நம் மத்ரஸாவிலும் இப்படி ஒன்று நேர்ந்தது. நம்முடையது சிறிய மத்ரஸா. மாணவர் நாற்பது பேருக்கு மேற்பட்டதில்லை. அவர்களுள் ஒரு பிள்ளைக்கு அல்லாஹ் அபாரமான நினைவாற்றலை அளித்திருந்தான். மற்றவர் மூன்று நாளில் மனத்தில் வாங்குவதை ஒரு மாலையில் வாங்கிவிடுவார். அதன்பின் நம்மைக் கேள்விகளால் துளைப்பார். அவருடைய தந்தை வந்து, “ஹஜ்ரத், ஷவ்வாலில் பெரிய மத்ரஸா ஒன்றில் சேர்க்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும்” என்று பணிவோடு கேட்டார். நாம் மறுத்தோம். “அடிப்படை இன்னும் உறுதிப்படவில்லை, ஓராண்டு போகட்டும்” என்றோம். உண்மை அதுவன்று. ஆண்டு விழாவில் அப்பிள்ளை அரபியில் ஆற்றும் உரையைக் கேட்டுத்தான் ஊர்ச் செல்வர்கள் கைதிறந்து கொடுத்தார்கள். அவர் போய்விட்டால் நம் வகுப்பு வெறிச்சோடிவிடும் என்ற அச்சமும் இருந்தது. இவற்றையெல்லாம் அப்போது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஓராண்டு அவர் இருந்தார். பாடங்களை ஒழுங்காக ஒப்புவித்தார். விழாவில் உரையும் ஆற்றினார். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அடுத்த ஷஅபானில் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது சமையற்காரர் உட்பட எல்லாருக்கும் ஸலாம் சொல்லி விடைபெற்றார். நம் அறைப் பக்கம் வரவில்லை.

லெவண்டோவ்ஸ்கி அப்படி மனம் சுருங்கியவராக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். போகப்போகும் கழகம் எதுவென ஊரறிந்த பின்னும் அந்த இறுதிப் பருவத்தில் லீக்கில் 20 கோல்கள் அடித்தார். எல்லாரையும்விட மிகுதி அதுவே. டோர்ட்முண்ட் லீக்கில் இரண்டாமிடம் பெற்றது. கோப்பையின் இறுதி வரை சென்றது. பேயர்னுக்கு ஓராண்டு அவர் கிடைக்காமற் போனதும் ஒரு பயன்தான். எனவே வாட்ஸ்கே செய்தது தவறு என்று நாம் உறுதியாகச் சொல்ல மாட்டோம். அவர் தாம் எதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தார். நாம் அறியாமல் கொடுத்தோம். வேறுபாடு அங்கேதான்.

2014-15 பருவத்தில் டோர்ட்முண்ட் சரிந்தது. பிப்ரவரியில் பட்டியலின் அடியில் கிடந்தது. தட்டித் தடுமாறி ஏழாமிடத்தில் முடித்தது, கிளாப் விடைபெற்றார். பின் 2016 கோடையில் அதே சோதனை மும்மடங்காக வந்தது. அணித் தலைவர் ஹும்மல்ஸ், குண்டோகன், ம்கிடாரியன் ஆகிய மூவருக்கும் ஓராண்டே எஞ்சியிருந்தது. இம்முறை மூவரையும் விட்டுக்கொடுத்தார்கள். குண்டோகனும் ம்கிடாரியனும் மான்செஸ்டர் நகரத்தின் இரு கழகங்களுக்கும், ஹும்மல்ஸ் பேயர்னுக்கும் போனார்கள்.

வெளிநாட்டுக்கு விற்றால் மன வருத்தம் குறைவு. அதே லீக்கில் உள்ள பேயர்னுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வீரரின் சம்மதம் இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஹும்மல்ஸ் மியூனிக்கில் வளர்ந்தவர். போக விரும்பிய இடம் அதுவே. கழகம் செய்யக்கூடியது இரண்டுதான்: பணம் பெற்றுக்கொண்டு அங்கே அனுப்புவது, அல்லது ஓராண்டு கழித்துப் பணமின்றி அங்கேயே அனுப்புவது. எதிராளியிடம் போய்ச் சேர்வதைத் தடுக்கும் மூன்றாவது வழி எதுவும் இல்லை. சுதந்திர மனிதனை விற்க முடியாது என்ற சட்டத்தின் மறுபக்கம் இது.

அதன் பின்னர் டோர்ட்முண்ட் இதையே ஒரு தொழிலாக ஆக்கிக்கொண்டது. 2016 இல் பிரான்சிலிருந்து ஒன்றரைக் கோடி யூரோவுக்கு வந்த டெம்பெலே, மறு ஆண்டே பயிற்சிக்கு வராமல் அடம்பிடித்துப் பார்சிலோனாவுக்குப் போனார். கிடைத்தது 10 கோடியே 50 லட்சம். சாஞ்சோவை 2021 இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 8 கோடியே 50 லட்சத்துக்கும், பெல்லிங்கமை 2023 இல் ரியல் மாட்ரிட்டுக்கு 10 கோடியே 30 லட்சத்துக்கும் விட்டார்கள். பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அங்கு வருவதற்குக் காரணமே, நேரம் வந்தால் இவர்கள் தடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையே அக்கழகத்தின் மூலதனம் ஆகிவிட்டது. ஆயினும் இதற்கு அவர்கள் கொடுத்த விலையை மறைக்கலாகாது. 2012 க்குப் பிறகு லீக் பட்டம் அவர்கள் கைக்கு எட்டவில்லை. 2023 மே மாதம் கடைசி நாளில், சொந்த அரங்கில், வென்றால் பட்டம் என்ற நிலையில் மைன்ஸ் கழகத்தோடு 2-2 என்று சமன் செய்து நழுவவிட்டார்கள். அன்று மஞ்சள் சுவர் அழுதது.

பணம் படைத்த கழகம் மட்டும் இந்த விதிக்கு அப்பாற்பட்டதா? பேயர்னில் எட்டுப் பருவங்களில் 344 கோல்கள் அடித்துக் குவித்த லெவண்டோவ்ஸ்கி, 2022 இல் தாம் போக வேண்டும் என்றார். அப்போதும் எஞ்சியிருந்தது ஓராண்டே. முதலில் முடியாது என்று உரக்கப் பேசிய பேயர்ன், பின்னர் சுமார் நாலரைக் கோடி யூரோவுக்குப் பார்சிலோனாவிடம் அவரை ஒப்படைத்தது. இலவசமாகப் பெற்ற காலத்தை விலைக்கு விட்டது. அச்செய்தியை அனுப்பிய நம் மகன் அதனுடன் ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஆசிரியத் தொழில் செய்பவன் என்ற முறையில் நம்மை மகிழ்வித்த விதி ஒன்றையும் கூறிவிடுகிறோம். ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாறினால், அத்தொகையில் ஐந்து சதவீதத்தை எடுத்து, அவருடைய பன்னிரண்டாம் வயது முதல் இருபத்து மூன்றாம் வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதி. பெயரறியாத சிற்றூர்க் கழகமொன்று, என்றோ தன் புழுதித் திடலில் ஓடிய சிறுவன் இன்று எங்கோ மாறியதற்காகப் பணம் பெறும். கூரையும் வேலியும் அமைத்துக்கொள்ளும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போகிறவருக்குத் தொகையே இல்லை. இந்த ஐந்து சதவீதமும் இல்லை. பிடித்து வைத்திருப்பவன் தனக்கு மட்டும் நட்டம் செய்துகொள்வதில்லை. முதலில் கற்றுக் கொடுத்தவனின் பங்கையும் சேர்த்தே இழக்கிறான்.

2024 ஜூன் முதல் நாள் டோர்ட்முண்ட் மறுபடியும் வெம்பிளி அரங்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே ரியல் மாட்ரிட். அதில் வெள்ளைச் சட்டையோடு பெல்லிங்கம். இந்தப் பக்கம், மூன்றாண்டு பேயர்னில் இருந்துவிட்டு 2019 இலேயே திரும்பிவிட்ட ஹும்மல்ஸ். மான்செஸ்டரிலிருந்து கடனாக வந்திருந்த சாஞ்சோ. கொட்சேயும் இடையில் ஒருமுறை திரும்பி வந்து நான்கு பருவங்கள் ஆடிவிட்டுப் போயிருந்தார். முற்பாதியில் டோர்ட்முண்ட் அருமையாக ஆடி, வாய்ப்புகளைத் தவறவிட்டு, முடிவில் 0-2 எனத் தோற்றது. ஷார்ஜாவிலிருந்து மகன் தொலைபேசியில் இருந்தான். இங்கே நாம் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கோபப்படவில்லை. “பெல்லிங்கம் நம்ம ஆட்களைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்கிறாரா, பாருங்கள் வாப்பா” என்று கேட்டான். நமக்கு மூக்குக்கண்ணாடி சரியாக இல்லை. ஆம் என்று சொல்லிவிட்டோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற ஷஅபானில் மறுபடியும் ஒரு தகப்பனார் நம் அறை வாசலில் வந்து நின்றார். அவருடைய பிள்ளையும் கேள்வி கேட்கிற பிள்ளை. அவர் பேசி முடிக்குமுன்பே எழுதுகோலை எடுத்தோம். கடிதம் யார் பெயருக்கு என்று கேட்டபோது அவர் சொன்ன பெயர், நம்மிடம் விடைபெறாமல் போன அந்த மாணவருடையது. அந்தப் பெரிய மத்ரஸாவில் இப்போது அவர் நஹ்வு ஆசிரியராம். விளிச்சொல்லாக என்ன எழுதுவது என்று சற்று நேரம் யோசித்தோம். பிறகு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.